பின்தங்கிய ஒட்டகத்தின் அருகே

விசாரிப்பு, விசாரணை என்னும் இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் நோயுற்றவரை விசாரிக்கச் செல்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவரையே விசாரணைக்கு அழைக்கிறோம். நேற்றுவரை சுறுசுறுப்பாக உழைத்த ஒருவர் பணியிடத்தில் திடீரெனச் சுணங்கினால், பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது இரண்டாவதுதான். மேலாளர் தாமதத்திற்கு விளக்கம் கேட்கிறார். அருகில் அமர்ந்திருப்பவரோ, நலமா என்று ஒரு சொல் கேட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்ற விடையைப் பெற்றுக்கொண்டு தம் வேலையைப் பார்க்கிறார். உடன் உழைப்பவரின் தளர்ச்சியைக் கண்டு எப்படிக் கேட்பது, கேட்டபின் என்ன செய்வது என்பதற்கு நம் வரலாற்றில் மிக நுணுக்கமாகப் பதிவான ஒரு நிகழ்வு உண்டு. ஜாபிர் பின் அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் ஒட்டகத்தைப் பற்றிய செய்தி அது.

ஜாபிர் (ரலி) மதீனாவின் அன்ஸாரிகளுள் ஒருவர். அவருடைய தந்தை அப்துல்லாஹ் பின் அம்ர் பின் ஹராம் (ரலி), அகபாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரு தலைவர்களுள் ஒருவர், ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹுதுக் களத்தில் ஷஹீதானவர். மகனுக்கு அவர் விட்டுச்சென்றவை கடனும், கரையேற்ற வேண்டிய பெண்மக்களும். அப்பெண்மக்கள் ஏழு பேர் என்றும் ஒன்பது பேர் என்றும் அறிவிப்புகள் உள்ளன. இளம் வயதிலேயே ஒரு பெருங்குடும்பத்தின் சுமை அவர் தோளில் ஏறியது. அந்நாட்களில் நபி (ஸல்) அவர்கள் ஜாபிரைக் கண்டு, ஏன் உள்ளம் உடைந்தவராகக் காணப்படுகிறீர் என்று கேட்டதாகத் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உள்ளது. தந்தையின் மரணம், குடும்பம், கடன் ஆகிய மூன்றையும் அவர் சொன்னார். அவருடைய தந்தைக்கு அல்லாஹ்விடம் கிடைத்த சிறப்பைச் சொல்லி நபியவர்கள் ஆறுதல் அளித்தார்கள். பிறகு பேரீச்சம்பழ அறுவடையின்போது தாமே தோட்டத்திற்கு வந்தார்கள். 30 வஸக் கடன் தீர்ந்து 17 வஸக் மிஞ்சியது என்பது புகாரியில் வரும் செய்தி.

இனி ஒட்டகத்தின் கதைக்கு வருவோம். தாத்துர் ரிகாஉ என்னும் படைப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இது நடந்தது என்பது இப்னு இஸ்ஹாக்கின் கூற்று. ஜாபிரின் ஒட்டகம் களைத்துத் தளர்ந்தது. கூட்டம் முன்னே சென்றுவிட, அவர் பின்தங்கினார். நபியவர்கள் அவரை எப்படிக் கண்டார்கள் என்பதற்கு விளக்கம் ஜாபிர் (ரலி) அவர்களே அறிவிக்கும் வேறொரு செய்தியில் கிடைக்கிறது. பயணங்களில் நபியவர்கள் பின்னால் தங்கி வருவார்களாம். பலவீனமானவரின் வாகனத்தை ஓட்டிவிடுவார்களாம். நடந்து வருபவரைத் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வார்களாம். அபூதாவூதில் பதிவான இச்செய்தியை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை என்றே தோன்றுகிறது. படையின் தலைவர் அணியின் கடைசியில் வருகிறார். முன்னால் செல்பவருக்குப் பின்தங்கியவரின் முகம் தெரியாது. அந்த முகம் தெரிந்தால்தானே கேள்வி பிறக்கும்?

என்ன நேர்ந்தது என்று நபியவர்கள் கேட்டார்கள். தம் ஒட்டகம் தளர்ந்து பின்தங்கிவிட்டது என்று ஜாபிர் சொன்னார். நபியவர்கள் இறங்கி, வளைந்த கோலால் அதைத் தட்டி, ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது ஒட்டகம் விரைந்தது. நபியவர்களை முந்திவிடாதபடி அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது என்கிறார் ஜாபிர். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதற்கேள்வி கண்ணுக்குத் தெரிந்த சிக்கலைப் பற்றியது. அதற்கான உதவியும் உடனே நடந்தது. குடும்பத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வந்தது.

மணமாகிவிட்டதா என்று கேட்டார்கள், ஆம் என்றார். கன்னிப்பெண்ணா, முன்பு மணவாழ்வு கண்ட பெண்ணா என்று கேட்டார்கள், இரண்டாமவர் என்றார். இளம்பெண்ணை மணந்திருந்தால் ஒருவரோடொருவர் விளையாடி மகிழ்ந்திருக்கலாமே என்ற பொருளில் அடுத்த கேள்வி வந்தது. ஜாபிரின் மனம் திறந்தது அங்கேதான். தந்தை விட்டுச்சென்ற சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களைப் போலவே இன்னொரு சிறுபெண்ணைக் கொண்டுவர விரும்பவில்லை. அவர்களுக்குத் தலைவாரிவிட்டுப் பராமரிக்கும் ஒருத்தியையே தேடினேன் என்று அவர் விளக்கினார். புதுமாப்பிள்ளை ஒருவர் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்த கதை அது. நபியவர்கள் அவருடைய முடிவைச் சரியென்று ஏற்றார்கள். தாம் முதலில் கூறிய யோசனையை வலியுறுத்தவில்லை.

இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்பில் உருக்கமான ஓர் இடம் உண்டு. மதீனாவுக்கு அருகிலுள்ள ஸிராரில் தங்கி ஒட்டகம் அறுப்போம், நம் வருகையைக் கேட்டு உம் மனைவி தலையணைகளை உதறி வைப்பாள் என்று நபியவர்கள் சொல்ல, எங்களிடம் தலையணை ஏது என்றார் ஜாபிர். வறுமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. இனி உண்டாகும் என்று நபியவர்கள் அவருக்கு நம்பிக்கையளித்தார்கள்.

அந்தப் பயணத்திலேயே நபியவர்கள் அந்த ஒட்டகத்தை விலைக்குக் கேட்டார்கள். ஜாபிருக்குத் தயக்கம், நீர் இறைக்க வீட்டில் வேறு ஒட்டகம் இல்லை. ஆயினும் வெட்கத்தால் மறுக்க முடியவில்லை. இலவசமாகவே தருவதாகச் சொன்னார். நபியவர்கள் ஏற்காமல் விலை பேசினார்கள். ஒரு திர்ஹமில் தொடங்கிய பேரம் ஓர் ஊக்கியாவில் முடிந்தது. விலையைக் குறித்து அறிவிப்பாளர்களிடையே பெருத்த வேறுபாடு இருப்பதை இமாம் புகாரி அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, ஊக்கியா என்பதே மிகுதியான அறிவிப்பு என்கிறார்கள். ஓர் ஊக்கியா என்பது 40 திர்ஹம் எடை. மதீனா சேரும்வரை தாமே ஏறிவருவேன் என்று ஜாபிர் நிபந்தனை இட்டார். அதுவும் ஏற்கப்பட்டது.

ஊர் வந்ததும் தாய்மாமன் அவரிடம் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டார். விற்றதைச் சொன்னதும் மாமன் கடிந்துகொண்டார். ஒரே ஒட்டகத்தைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். மாமனுக்கும் அக்கறை இருந்தது. வீட்டிற்கு நீர் இறைக்க வழியில்லை என்ற கவலையால்தான் கடிந்திருப்பார். ஆனால் விடையைக் கேட்டவுடன் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நம் அலுவலகங்களில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். தாயின் மருத்துவத்திற்காக வட்டிக்கடையில் சிக்கிக்கொண்டேன் என்று ஒருவர் வாய் திறந்தால், ஏன் அங்கே போனீர் என்ற கேள்வியே முதலில் பாய்கிறது. அடுத்தமுறை அவர் வாய் திறப்பாரா? இந்த வேலையில் எந்த இடத்தில் தடைபடுகிறது, அதில் நான் எதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தொடங்கியிருந்தால், மற்றவை தாமாகவே வந்திருக்கும். வராவிட்டாலும் குறையில்லை, சொல்லாமல் இருப்பதும் அவருடைய உரிமையே.

கேட்கத் தெரியாமல் துன்புறுவோரும் உண்டு. பசியால் வாடிய அபூஹுரைரா (ரலி) மக்கள் செல்லும் வழியில் அமர்ந்து, அபூபக்ர் (ரலி) அவர்களிடம் குர்ஆன் வசனம் ஒன்றைப் பற்றிக் கேட்டார். வீட்டிற்கு அழைத்து உணவளிக்க மாட்டார்களா என்பதே அவர் எண்ணம். அவர்கள் விடை சொல்லிச் சென்றார்கள். உமர் (ரலி) அவர்களிடமும் அவ்வாறே நடந்தது. அவ்விருவரையும் இதற்காகக் குறை சொல்வது பிழை. கேள்வி அவ்வளவு நன்றாகத் தன்னை மறைத்திருந்தது. பின்னர் வந்த நபியவர்கள் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்து, உடன் வருமாறு அழைத்தார்கள். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று இருமுறை கேட்கும் சக ஊழியர், சில வேளைகளில் தேதியை அறிவதற்காகக் கேட்பதில்லை.

மறுநாள் ஜாபிர் (ரலி) ஒட்டகத்துடன் மஸ்ஜிதுக்கு வந்தார். விலையை நிறுத்துக்கொடுக்குமாறு நபியவர்கள் பிலால் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள்; தட்டு தாழும்படி அவர் நிறுத்துக்கொடுத்தார். திரும்பிச் சென்ற ஜாபிரை நபியவர்கள் மீண்டும் அழைத்தார்கள். ஒட்டகத்தைத் திருப்பித் தந்துவிடுவார்களோ என்று அவர் அஞ்சினாராம். அப்போது அவருக்கு அதைவிட வெறுப்பானது வேறில்லை. அஞ்சியவாறே நடந்தது, ஆனால் வேறுவிதமாக. ஒட்டகமும் உமக்கே, விலையும் உமக்கே என்றார்கள். அப்படியானால் பேரம் எதற்கு? தர்மமாக நீட்டியிருந்தால் தாழ்ந்திருக்கும் கை, நேர்மையாக விற்ற வணிகரின் கையாக நிமிர்ந்தே இருந்தது என்பதே நான் காணும் விளக்கம்.

அந்த இரவில் நபியவர்கள் தமக்காக 25 முறை பாவமன்னிப்பு வேண்டினார்கள் என்று ஜாபிர் (ரலி) சொல்வதுண்டு. பின்னாளில் 1540 ஹதீஸ்களை அறிவித்த பெருமகனாக அவர் விளங்கினார். பிலால் (ரலி) கூடுதலாக நிறுத்துக்கொடுத்த அந்தக் கீராத்தை அவர் செலவிடவில்லை. ஒரு பையிலிட்டுத் தம்முடனேயே வைத்திருந்தார். ஹிஜ்ரி 63இல் (கி.பி. 683) ஹர்ரா நாளில் சிரியாவின் படையினர் மதீனாவைச் சூறையாடியபோதுதான் அது அவரிடமிருந்து பறிபோனது.