ஏரிக்கரைச் சமஸ்தானம்: கிஷன்கர் ராத்தோர் மரபு

பழைய ராஜபுதன வரைபடத்தில் கிஷன்கரைக் கண்டுபிடிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். மேற்கே ஜோத்பூர், கிழக்கே ஜெய்ப்பூர், நடுவே ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட அஜ்மீர். இவற்றுக்கிடையே செருகி வைத்தாற்போல 858 சதுர மைல் நிலம். அதுவும் ஒரே துண்டாக இல்லை. ஒன்றையொன்று தொடாத இரு குறுகிய பட்டைகள். வடக்குப் பட்டை பெரும்பாலும் மணல். சர்வார் இருக்கும் தெற்குப் பட்டை நல்ல விளைநிலம். இவ்வளவு சிறிய நாட்டின் அரசருக்கு 15 பீரங்கிக் குண்டு மரியாதை இருந்தது. 1611-இல் ஊர் எழுந்தது முதல் 1948-இல் ராஜஸ்தானத்தோடு இணைந்தது வரை ஒரே ராத்தோர் குலம் அங்கே அரியணையில் இருந்தது. சுற்றியிருந்த பெரிய அரசுகள் நினைத்திருந்தால் இதை எப்போதோ விழுங்கியிருக்கலாம். விழுங்காமல் போனதற்குப் படைபலத்தைவிட உறவுபலமே பெரிய காரணம் என்பது என் கருத்து. பெண் கொடுத்த உறவு, தத்து எடுத்த உறவு, பக்தியால் வந்த உறவு என்று மூன்றும் இக்குலத்தின் கதையில் மாறி மாறி வருகின்றன.

மரபின் முதல்வர் கிஷன் சிங், ஜோத்பூரின் 'மோட்டா ராஜா' உதய் சிங்கின் மகன். 1575-இல் பிறந்தவர். தந்தைக்குப் பின் அண்ணன் சூர் சிங் பட்டத்துக்கு வந்தபோது இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1596-இல் ஜோத்பூரை விட்டு அஜ்மீர் வந்து அக்பரின் சேவகத்தில் சேர்ந்தார். முதலில் ஹிண்டௌன் பகுதி கிடைத்தது. பிறகு, மேர் கூட்டத்தார் கொள்ளையடித்துப் போன அரசுக் கருவூலப் பணத்தை மீட்டுக் கொடுத்ததற்காகச் சேட்டோலாவும் அதைச் சுற்றிய பகுதிகளும் மானியமாக வந்தன. சேட்டோலாவுக்குப் பக்கத்திலேயே தம் பெயரால் ஓர் ஊரைக் கட்டினார். அவருடைய சகோதரி ஜகத் கோசாயின், ஜஹாங்கீரின் மனைவி, ஷாஜஹானின் தாய். ஆக, பிற்காலத்தில் தாஜ்மஹாலைக் கட்டப்போகிற இளவரசனுக்குக் கிஷன் சிங் தாய்மாமன்.

அந்த மாமனின் முடிவு 1615-இல் அஜ்மீரில் நேர்ந்தது. ஜஹாங்கீர் அப்போது அங்கே தங்கியிருந்ததால் தம் நினைவுக்குறிப்பில் அதை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். சூர் சிங்கின் நம்பிக்கைக்குரிய அதிகாரி கோவிந்த தாஸ், கிஷன் சிங்கின் அண்ணன் மகன் ஒருவனைக் கொன்றிருந்தார். அண்ணன் அதற்கு நியாயம் கேட்பார் என்று தம்பி காத்திருந்தார். அண்ணன் கேட்கவில்லை. ஒருநாள் விடியுமுன் கிஷன் சிங் தம் ஆட்களோடு கோவிந்த தாஸின் இருப்பிடத்தைச் சூழ்ந்தார். முன்னே போனவர்கள் கோவிந்த தாஸை அங்கேயே வெட்டி வீழ்த்திவிட்டார்கள். வந்த காரியம் முடிந்தது கிஷன் சிங்குக்குத் தெரியாது. ஆட்கள் தடுத்தும் கேளாமல் குதிரையிலிருந்து இறங்கி உள்ளே போனார். சந்தடியில் விழித்த சூர் சிங் உருவிய வாளோடு வெளியே வர, அவருடைய ஆட்கள் திரண்டார்கள். கிஷன் சிங்கும் உடன் வந்த அண்ணன் மகன் கரணும் அங்கேயே மாண்டார்கள். இரு பக்கமும் சேர்த்து அறுபதுக்கு மேற்பட்டோர் பலி. ஊர் கட்டி நான்கே ஆண்டுகளில் அதன் தலைவன் போய்விட்டான்.

அடுத்து சஹஸ் மல், ஜக்மல், ஹரி சிங் என்று அவருடைய மக்கள் மூவர் வரிசையாக ஆண்டார்கள். அவர்களைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. அடுத்து வந்த ரூப் சிங், ஹரி சிங்கின் உடன்பிறந்தார் மகன். ஷாஜஹானின் படைகளோடு பால்க், காந்தஹார் வரை போனவர். வடக்கே ரூப்நகர் என்ற கோட்டை நகரை எழுப்பியவரும் அவரே. மேவாரிடமிருந்து முகலாயர் பறித்த மாண்டல்கர் கோட்டையும் சிறிது காலம் அவர் வசம் இருந்தது. இக்குலம் வல்லப சம்பிரதாயமான புஷ்டி மார்க்கத்தில் ஊன்றியது அவர் காலத்தில்தான் என்று மரபு சொல்கிறது. கல்யாண்ராய் என்ற திருநாமத்தில் கண்ணனே அரச குலத்தின் தெய்வமானான்.

1658 மே மாத இறுதியில் ஆக்ராவுக்கு அருகே சாமூகர் போர்க்களம். அரியணைக்காக தாரா ஷிகோவும் ஔரங்கசீப்பும் மோதினார்கள். ரூப் சிங் தாராவின் பக்கம். படை சிதறத் தொடங்கிய நேரத்தில் அவர் எதிரி அணியைப் பிளந்துகொண்டு ஔரங்கசீப்பின் யானைவரை போய்விட்டார். குதிரையை விட்டுக் குதித்து, அம்பாரியைக் கட்டியிருந்த கயிறுகளை வாளால் அறுக்க முனைந்தார். கயிறு அறுந்தால் அம்பாரி சரியும்; அம்பாரி சரிந்தால் போரே மாறிவிடும். அந்தத் துணிவைக் கண்டு வியந்த ஔரங்கசீப், ஆளை உயிரோடு பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாராம். சுற்றி நின்ற வீரர்கள் அதற்குள் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். முகலாய வரலாற்றாசிரியர்களே பாராட்டி எழுதிய சாவு இது.

வீட்டில் இருந்ததோ பச்சிளம் வாரிசு மான் சிங். வென்று வந்த ஔரங்கசீப், ரூப் சிங்கின் மகள் சாருமதியைப் பெண் கேட்டார். மறுக்கத் திராணியில்லாத வீடு. சாருமதி தானே மேவார் மகாராணா ராஜ் சிங்குக்குச் செய்தி அனுப்பினாள். தன்னை மணந்து காப்பாற்றும்படி வேண்டினாள். மகாராணா 1660-இல் படையோடு கிஷன்கர் வந்து அவளை மணந்து அழைத்துப் போனார். இவருடைய மாண்டல்கரைத்தான் ரூப் சிங் சில ஆண்டுகளுக்கு முன் வைத்திருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பகைவீட்டில் அடைக்கலம் கேட்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தெளிவும் துணிவும் வேண்டும்! வங்காளத்தில் பங்கிம் சந்திரர் பின்னாளில் இதை வைத்தே 'ராஜசிம்ஹ' நாவலை எழுதினார்.

ஆனால் கதை அங்கே முடிந்ததாக நினைப்பது பாதி உண்மைதான். ரூப் சிங்கின் இன்னொரு மகள், அடுத்த ஆண்டே ஔரங்கசீப்பின் மகன் முவஸ்ஸமுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டாள். அவள் வயிற்றில் பிறந்தவர் அஸீம்-உஷ்-ஷான். அவருடைய மகன் ஃபரூக்சியர் 1713-இல் டெல்லிப் பாதுஷா ஆனார். கிஷன்கர் தப்பிப் பிழைத்த விதம் இதுதான். ஒரு மகள் மேவாருக்கு, ஒரு மகள் டெல்லிக்கு.

மான் சிங் 1706 வரையும், அவர் மகன் ராஜ் சிங் 1748 வரையும் ஆண்டார்கள். இந்த நெடிய அமைதியில் அரண்மனையின் இயல்பே மாறியது. ராஜ் சிங்கின் ராணி பாங்காவதி, 'விரஜ தாசி' என்ற பெயரில் பாகவதத்தை விரஜ மொழியில் பாடினார். மகள் சுந்தர் குன்வரியும் கவிஞர். பட்டத்து இளவரசர் சாவந்த் சிங், 'நாகரி தாஸ்' என்ற முத்திரையோடு கிருஷ்ண பக்திப் பாடல்களைப் பொழிந்தார். அவை எழுபதுக்கு மேற்பட்ட சிறு நூல்களாயின. பாங்காவதியின் பரிவாரத்தில் பாடகியாக ஓர் இளம்பெண் இருந்தாள். எப்போதும் அழகாக அலங்கரித்துக் கொள்வதால் 'பணி டணி' என்று பெயர் வாங்கியவள். 'ரசிக் பிஹாரி' என்ற முத்திரையில் அவளும் பாட்டுக் கட்டினாள். சாவந்த் சிங்கின் மனம் அவளிடம் போயிற்று.

டெல்லியின் சித்திரச்சாலைகள் வாடத் தொடங்கிய காலம் அது. அங்கிருந்து பவானிதாஸ் போன்ற தேர்ந்த ஓவியர்கள் கிஷன்கருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின் தலையெடுத்தவர் நிஹால் சந்த். சாவந்த் சிங் பாடியதை அவர் தீட்டினார். நாமெல்லாம் பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் பார்த்திருக்கும் அந்த ராதையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பக்கவாட்டு முகம். புருவம் வில்லாக எழும்ப, கண் பாதி மூடி, அதன் கடைக்கோடி காதை நோக்கி மேலே நீள்கிறது. கூரிய மூக்கு, மெல்லிய உதடு, சற்றே முன்வந்த மோவாய். காதோரம் பாம்பாகச் சுருண்டு இறங்கும் ஒற்றை முடிக்கற்றை. மெல்லிய முக்காட்டின் ஓரத்தை ஒரு கை விரல்நுனியில் பிடித்திருக்க, மறு கையில் தாமரை மொட்டுகள். இது பணி டணியின் முகமேதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக் கொண்டிருக்கிறார்கள். எந்தப் பெண்ணுக்கும் இயற்கையில் அமையாத கண் இது என்பதே என் எண்ணம். ஒரு முகத்தைக் கவிதை எவ்வளவு தூரம் இழுக்குமோ அவ்வளவு தூரம் நிஹால் சந்த் இழுத்திருக்கிறார்.

1748-இல் ராஜ் சிங் இறந்தபோது சாவந்த் சிங் டெல்லியில் இருந்தார். புதிய பாதுஷா அகமது ஷா அவரையே வாரிசாக அங்கீகரித்தார். பயன் என்ன? தம்பி பஹதூர் சிங் அதற்குள் கிஷன்கர் கோட்டையைக் கைப்பற்றியிருந்தார். மராட்டியர் துணையோடு பல ஆண்டு போராடியும் சாவந்த் சிங்குக்கு முழு நாடு கிட்டவில்லை. கடைசியில் பாகப்பிரிவினை. ரூப்நகர் சாவந்த் சிங்கின் மகன் சர்தார் சிங்குக்கு, கிஷன்கர் பஹதூர் சிங்குக்கு. 1757-இல் மகனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சாவந்த் சிங் பணி டணியுடன் விருந்தாவனம் போய்ச் சேர்ந்தார். அரசர் வந்திருக்கிறார் என்றபோது விருந்தாவனத்து அடியார்கள் ஏறிட்டும் பார்க்கவில்லையாம். நாகரி தாஸ் என்று தெரிந்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்களாம். 1764-இல் அவரும், அடுத்த ஆண்டு பணி டணியும் அங்கேயே காலமானார்கள்.

பஹதூர் சிங்கை வில்லனாக்கிக் கதை சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மராட்டியப் படைகள் ஆண்டுதோறும் வந்து வசூல் செய்துபோன காலத்தில் அந்தச் சிறு நாட்டுக்கு முழுநேர அரசன் தேவைப்பட்டான். கவிஞன் அதைச் செய்திருக்க முடியாது. மேலும், பிரிந்த நாட்டைச் சேர்த்ததும் இந்தக் கிளைதான். சர்தார் சிங்குக்கு மகன் இல்லை. தந்தையின் அரியணையைப் பறித்த சிற்றப்பனின் மகன் பிரத் சிங்கையே அவர் தத்தெடுத்தார். வாளால் பிரிந்தது தத்தால் ஒன்றானது.

அடுத்து பிரதாப் சிங். பிறகு கல்யாண் சிங். 1818 மார்ச்சில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வெளிப்பகை தீர்ந்தது, உள்பகை மூண்டது. பிரபுக்களோடு தகராறு முற்றவே மகாராஜா டெல்லிக்குப் போய்விட்டார். அங்கே பெயரளவுக்கு வீற்றிருந்த இரண்டாம் அக்பர் ஷாவின் சபையில், பாதுஷா முன்னிலையில் காலுறை அணிந்து நிற்கும் உரிமை போன்ற கௌரவங்களை விலைகொடுத்து வாங்கிக் கொண்டிருந்தார். ஊர் திரும்பி ஆளாவிட்டால் உடன்படிக்கை செல்லாது என்று கம்பெனி மிரட்டிய பிறகே திரும்பினார். நாட்டையே குத்தகைக்கு எடுத்துக் கொள்ளுங்கள் என்று கேட்டும் பார்த்தார். மறுத்துவிட்டார்கள். 1832-இல் மகன் மோக்கம் சிங்குக்கு முடியைக் கொடுத்து ஒதுங்கினார். கிஷன்கரின் குந்தலாவ் ஏரி நடுவே தோட்டத்தோடு நிற்கும் மோக்கம் விலாஸ் அந்த மகனின் பெயரைச் சொல்கிறது.

மோக்கம் சிங்குக்கும் பிள்ளை இல்லை. தத்து வந்த பிருத்வி சிங் 1879 வரை நாட்டை நிதானமாக நடத்தினார். சர்துல் சிங் காலம் (1879–1900) நிர்வாகச் சீர்திருத்தங்களில் தொடங்கி பெரும் பஞ்சத்தில் முடிந்தது. ராஜஸ்தானத்தார் இன்றும் 'சப்பனியா' என்று நடுங்கிச் சொல்லும் 1899–1900 பஞ்சம் அது. 1891-இல் ஒன்றேகால் லட்சமாக இருந்த கிஷன்கர் மக்கள்தொகை 1901-இல் ஏறத்தாழ 91 ஆயிரம். நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அரச வரிசையை எழுதும்போது இந்த எண்ணைத் தாண்டிப் போகக் கூடாது. அடுத்து வந்த மதன் சிங் முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்துக்கே சென்றவர். மதன்கஞ்ச் அவர் பெயரில் நிற்கிறது. அவருக்கும் ஆண் வாரிசு இல்லாமல் 1926-இல் யக்ஞநாராயண் சிங்கும், 1939-இல் சிறுவன் சுமேர் சிங்கும் பட்டத்துக்கு வந்தார்கள்.

கிஷன்கரின் சமயப் பரப்பு அரச குடும்பத்தின் புஷ்டி மார்க்கத்தோடு நின்றதல்ல. நிம்பார்க்க சம்பிரதாயத்தின் முக்கிய பீடமான சலேமாபாத் இந்த நாட்டுக்குள்தான் இருந்தது. அஜ்மீர் காஜா முயீனுத்தீன் சிஷ்தியின் மகன் ஃபக்ருத்தீனின் தர்கா இருக்கும் சர்வாரும் அப்படியே.

1943-இல் லாகூர் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் எரிக் டிக்கின்சன் கிஷன்கர் வந்தார். அரண்மனைச் சேகரிப்பிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்துக் காட்டப்பட்ட படங்களில் அந்தக் கண்களைக் கண்டு திகைத்தார். கார்ல் கண்டாலாவாலாவோடு சேர்ந்த அவருடைய நூலை லலித் கலா அகாடமி 1959-இல் வெளியிட்டது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் இருந்த பாணிக்கு உலகப் பெயர் வந்தது அப்போதுதான்.

இடையில் நாடே போய்விட்டது. விடுதலைக்குப் பின் கிஷன்கரையும் ஷாப்புராவையும் அஜ்மீரோடு சேர்க்க ஒரு யோசனை இருந்தது. மக்களின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 1948 மார்ச் 25 அன்று கோட்டாவில் தொடங்கப்பட்ட ராஜஸ்தான் ஒன்றியத்தில் கிஷன்கர் சேர்ந்தது. காலப்போக்கில் அஜ்மீர் மாவட்டத்தின் ஒரு வட்டமாயிற்று. கடைசி அரசர் சுமேர் சிங் 1971-இல் மறைந்தார். மன்னர் மானியங்களையும் பட்டங்களையும் நாடாளுமன்றம் ஒழித்ததும் அதே ஆண்டில்தான். இரண்டு ஆண்டு கழித்து, 1973-இல், இந்திய அஞ்சல் துறை சிற்றோவியங்கள் வரிசையில் கிஷன்கர் ராதையை அஞ்சல்தலையாக வெளியிட்டது. இன்று மதன்கஞ்ச்–கிஷன்கரை வணிகர்கள் சலவைக்கல் சந்தையாக அறிவார்கள். கல் ஏற்றிய லாரிகள் ஓடும் அந்த ஊரில் நிஹால் சந்தின் பாணியில் தூரிகை பிடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.