தொழுநோய் கண்டறிதலில் இரத்தக் குறிகாட்டிகள்: பயனும் எல்லையும்

தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். இன்றுவரை அதை எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளர்க்க இயலவில்லை. ஆகவே கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து நோயை உறுதிசெய்யும் வழி இங்கில்லை. உணர்ச்சியற்ற தேமல், தடித்த நரம்பு, தோல் கீறல் பூச்சில் தெரியும் கிருமி ஆகியவற்றுள் ஒன்றேனும் தென்பட்டால்தான் நோய் உறுதியாகிறது. முதல் இரண்டும் பரிசோதிப்பவரின் கைப்பழக்கத்தைச் சார்ந்தவை. நோயாளிகள் அருகும் இடத்தில் அப்பழக்கமும் அருகுகிறது. ஒரு துளி இரத்தத்தில் விடை தேடும் முயற்சிக்கு இதுவே காரணம். இத்தேடலில் ஒற்றைக் குறிகாட்டி போதாது. பல குறிகாட்டிகளின் தொகுப்பும் நோயை முடிவுசெய்வதற்கன்று, யாரைக் கூர்ந்து பரிசோதிப்பது எனத் தெரிவுசெய்வதற்கே உரியது என இக்கட்டுரை வாதிடுகிறது.

தொழுநோயின் வடிவத்தைத் தீர்மானிப்பது உடலின் எதிர்வினை. ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966இல் வகுத்த நிரலில் ஒரு முனையில் செல்வழி எதிர்ப்பு வலுத்திருக்கும். கிருமிகள் மிகக் குறைவு. மறுமுனையில் அவ்வெதிர்ப்பு தளர்ந்து, கிருமிகள் பெருகி, எதிர்ப்பொருள்கள் மிகுந்திருக்கும். பெரிதும் ஆராயப்பட்ட குறிகாட்டி, கிருமியின் உறையிலுள்ள பி.ஜி.எல்.-1 என்னும் சர்க்கரைக் கொழுப்புக்கு எதிரான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள். அச்சர்க்கரை அமைப்பு தொழுநோய்க் கிருமிக்கே சிறப்பானது என்பதால், பி.சி.ஜி. தடுப்பூசி இச்சோதனையைக் குழப்புவதில்லை. ஆயினும் கிருமி மிகுந்தோரிடம் தெளிவாக உயரும் இந்த எதிர்ப்பொருள், கிருமி குறைந்தோர் பலரிடம் புலப்படுவதே இல்லை. பூச்சுச் சோதனையும் கைவிடும் நோயாளிகள் இவர்களே. உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில் இச்சோதனை தளர்கிறது.

இருப்பினும் இதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. ஐந்து வரை தேமல்கள் உள்ளவரைக் கிருமி குறைந்தவராகக் கொண்டு 6 மாதமும், அதற்கு மேற்பட்டால் 12 மாதமும் கூட்டு மருந்து தருவது வழக்கம். தேமல்கள் சிலவே இருந்தும் எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால், மறைந்துள்ள கிருமிச் சுமையை அது சுட்டலாம்.

கிருமி குறைந்த முனையை அறியச் செல்வழி எதிர்ப்பின் குறிகள் வேண்டும். அத்தகைய குறியான இன்டர்ஃபெரான்-காமாவை அளக்கும் சோதனைகளில், நோய் பரவலான பகுதிகளில் வாழும் நலமான மக்களும் எதிர்வினை காட்டுவது சிக்கல். நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் பி.ஜி.எல்.-1 எதிர்ப்பொருளுடன் ஐ.பி.-10, சி.ஆர்.பி. முதலிய புரதங்களையும் ஒருங்கே அளக்கும் பட்டைச் சோதனையை உருவாக்கி, வங்கதேசத்தில் ஆராய்ந்தது இவ்வகையில் முக்கியமானது. நிரலின் இருமுனைகளையும் ஒரே சோதனையில் தொடும் முயற்சி அது. ஆனால் சி.ஆர்.பி. எந்த அழற்சியிலும் உயரும். ஆகவே தொகுப்பின் வலிமை குறிகாட்டிகளின் சேர்க்கையில்தான் உள்ளது.

சோதனையை மட்டுமே நம்பி முடிவுகூறலாமே என்பாருக்கு ஒரு கணக்கே விடை. நோயாளிகளுடன் தொடர்பில் இருந்த 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவரையும் இல்லாதவரையும் 90 விழுக்காடு சரியாகப் பிரிக்கும் சோதனை, நோயாளிகளில் 9 பேரைக் காட்டும்; நலமானவர்களில் 99 பேரையும் சேர்த்தே காட்டும். இந்தியாவில் 2019 வரை மணமுறிவுக்குச் சட்டக் காரணமாக இருந்த நோய் இது. அந்த 99 பேர்மீதும் அதன் முத்திரையைக் குத்துவது மருத்துவமாகாது. அறிகுறியற்ற தொடர்பாளரிடம் தொற்றைக் கண்டறிய எச்சோதனையையும் உலகச் சுகாதார நிறுவனம் தன் 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைக்காததும் நியாயமே.

அதே 108 பேரை நோயாளிகள் என்று கொள்ளாமல், கவனித்துத் தொடர வேண்டியோர் என்று கொண்டால் பொருள் மாறுகிறது. 1,000 பேருக்குப் பரவும் கவனம் 108 பேர்மீது குவிகிறது. நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்தாண்டு, சிலரிடம் இருபதாண்டும் ஆகலாம். அதற்குள் நரம்பு சிதைந்தால் மீட்பது அரிது. சோதனையில் எதிர்மறை வந்தவரையும் விட்டுவிடலாகாது: சோதனை தவறவிட்ட அந்தப் பத்தாவது நோயாளி அங்கேதான் இருக்கிறார். ஆகவே எல்லாத் தொடர்பாளருக்கும் வழக்கமான தோல், நரம்புப் பரிசோதனை தொடர வேண்டும். குறிகாட்டி உயர்ந்தவர்களுக்கு அது அடிக்கடியும் ஆழமாகவும் நிகழ வேண்டும். இனிவரும் ஆய்வுகள், ஒரு சோதனை எத்தனை பேரைச் சரியாகப் பெயரிட்டது என்பதோடு நில்லாமல், எத்தனை பேரின் நரம்பை ஊனத்திலிருந்து காத்தது என்பதையும் அளக்க வேண்டும். குறிகாட்டிகளின் மதிப்பை முடிவுசெய்யும் அளவுகோல் அதுவே.