கொழுப்புக் கலம் கட்டளையைக் கேட்காதபோது

கொழுந்து எடுத்து மலை ஏறி இறங்குகிறவர்களுக்குச் சீனி வியாதி வராது என்று ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. மலை வேலையை விட்டுக் கொழும்பில் கடையில் உட்கார்ந்த பிறகு உடம்பு பருத்து, கிளினிக்கில் "சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. குறைத்தும் எடை இறங்காவிட்டால் பழி அவர்களுடைய வாய்க்குத்தான். அந்தப் பழி எவ்வளவு அரைகுறையானது என்பதை எலிகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது.

கொழுப்புக் கலம் வெறும் களஞ்சியம் அல்ல. ஓமோன்களின் கட்டளைக்குக் காத்திருக்கும் கலம். இன்சுலின் வந்தால் சேமிக்கும். பசி, குளிர், கடும் உழைப்பு வேளைகளில் அட்ரினலின், நோர் அட்ரினலின் வந்தால் கொழுப்பை உடைத்து வெளியே விடும். இந்த இரண்டாவது கட்டளையைக் கலத்துக்குள் எடுத்துச்செல்லும் தூதுவனின் பெயர் சைக்ளிக் ஏ.எம்.பி.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அலன் சால்டியல் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, கொழுப்பு மிகுந்த தீனியால் பருத்த எலிகளைப் பற்றியது. பருத்த கொழுப்பிழையத்தில் மெல்லிய அழற்சி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அதனால் ஐ.கே.கே. எப்சிலன், டி.பி.கே.1 என்ற இரண்டு நொதியங்கள் பெருகுகின்றன. இவை இன்னொரு நொதியத்தைத் தூண்ட, அது அந்தத் தூதுவனையே அழித்துவிடுகிறது. கட்டளை வாசல்வரை வருகிறது. உள்ளே போய்ச் சேருவதில்லை. உணவைக் குறைத்தாலும் உழைத்தாலும் கொழுப்பு எளிதில் கரையாததற்கு இது ஒரு காரணமாகலாம். இதே அழற்சி இன்சுலினின் கட்டளையையும் மந்தமாக்குகிறது என்பதற்கு 1993இலேயே எலிகளில் சான்று கிடைத்திருந்தது. சீனி வியாதிக்கு வழி திறப்பது அங்கேதான்.

வாய்ப்புண்ணுக்குக் கொடுத்துவந்த அம்லெக்ஸனொக்ஸ் என்ற பழைய மருந்து அந்த இரண்டு நொதியங்களையும் அடக்குகிறது. பருத்த எலிகளுக்குக் கொடுத்தபோது கலங்கள் மீண்டும் கட்டளைக்குப் பணிந்தன, எடையும் குறைந்தது.

எலியைப் பார்த்து மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம்மவர்களின் கதையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: தெற்காசியர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்புச் சேரும். ஆகவே தராசை மட்டும் நம்பாமல் இடுப்பையும் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும்தான் எச்சரிக்கை எல்லை.

2017இல் வெளியான ஓர் ஆய்வில் அதே மருந்தை 42 நோயாளர்களிடம் சோதித்திருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கே சீனி நன்றாகக் குறைந்தது. அவர்களுடைய கொழுப்பிழையத்தில் அழற்சி ஏற்கெனவே கூடுதலாக இருந்தது.