அத்திரம்பாக்கம் கற்கருவிகளின் காலக்கணிப்பு

அத்திரம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டத்தில் கொசத்தலை ஆற்றுப் படுகையில் உள்ள பழைய கற்காலத் தொல்லியல் களமாகும். 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் இக்களத்தையும் கண்டறிந்தார்.

ஓடையில் பொறுக்கிய கல் தன் வயதைச் சொல்லாது. வெள்ளம் அதை எங்கிருந்தும் உருட்டி வந்திருக்கலாம். ஆகவே 1999 முதல் சாந்தி பப்பு தலைமையிலான குழு இங்கு அகழாய்வு செய்து, ஒவ்வொரு கருவியும் எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று பதிவு செய்தது. இடம் குறிக்காமல் பெயர்த்தெடுத்த கருவி, எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதி ஊமைதான்.

கரிமக் காலக்கணிப்பு இங்கு உதவாது. அதன் எல்லை சுமார் 50,000 ஆண்டுகள். அதற்கும் உயிர்ப்பொருள் வேண்டும். ஆனால் வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்சில் அண்டக்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றை உண்டாக்குகின்றன. கல் ஆழத்தில் புதைந்தபின் இவை புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும். இருப்பது சிதையத் தொடங்கும். அலுமினியம் விரைவாகக் குறையும். எஞ்சிய விகிதத்தைக் கொண்டு கல் புதைந்த காலம் கணக்கிடப்படுகிறது. இம்முறையில் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011-இல் அறிவிக்கப்பட்டது. மண்ணில் பதிந்திருந்த பழங்காந்தத் திசையும் இதற்கு ஒத்துவந்தது.

இக்கருவிகளைச் செய்தோரின் எலும்பு எதுவும் இங்கு கிடைக்கவில்லை. அவர்கள் எம்மனித இனத்தவர் என்பது இன்னும் விடையற்ற கேள்வி.