மெர்லோ வேஷத்தில் ஒரு திராட்சை

1994, நவம்பர் 24. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், மைப்போ பள்ளத்தாக்கு. மாநாட்டுக்கு வந்த திராட்சை நிபுணர்கள் ஒரு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘மெர்லோ’ என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த கொடி ஒன்றின் பூவை, பிரான்ஸிலிருந்து வந்த ஷான் மிஷேல் புர்சிகோ உற்றுப் பார்த்தார். மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டு இருந்தன. மெர்லோவுக்கு அப்படி இருக்காதே! “இது கார்மெனேர்” என்றார்.

அடேயப்பா! கார்மெனேர் கிட்டத்தட்ட செத்தே போய்விட்டதாக உலகம் நினைத்திருந்த திராட்சை ஆச்சே!

கார்மெனேரின் சொந்த ஊர் பிரான்ஸின் போர்தோ. அந்த ஊர் சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே திராட்சையில் செய்வதில்லை. காபிப்பொடிக்கு பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு என்று கலந்து அரைக்கச் சொல்கிறோமே, அந்தக் கதைதான். கேபர்நே சோவிஞோன், மெர்லோ, கேபர்நே ஃப்ராங்க் என்று கலப்பார்கள். ருசி மட்டுமல்ல காரணம். ஒன்று சீக்கிரம் பழுக்கும், இன்னொன்று தாமதமாகப் பழுக்கும். மழை ஒன்றைக் கெடுத்தாலும் மற்றது கைகொடுக்கும். இந்தக் கூட்டணியில் ஒரு காலத்தில் கார்மெனேருக்கும் இடம் இருந்தது.

1860-களில் வந்தது வினை. அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு கப்பலேறி வந்தது பிலாக்ஸெரா என்கிற துக்கினியூண்டு பூச்சி. வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலே இலை வாடுவதைப் பார்த்துவிட்டுத் தோண்டினால், வேர் ஏற்கெனவே அழுகியிருக்கும். பிரான்ஸின் தோட்டங்களில் பெரும்பகுதி காலி! மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் ஃபிராங்க் பரிசு என்று 1874-ல் அரசாங்கம் அறிவித்தது. கடைசியில் வழி கிடைத்தது, ஒட்டுக்கட்டுவதில். அந்தப் பூச்சியைத் தாங்கப் பழகிய அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுக் கொடி. போர்தோக்காரர் லாலிமான் ‘யோசனை என்னுடையது’ என்று பரிசு கேட்டார். ‘இது தடுக்கிற வழிதானே, குணமாக்குகிற மருந்து இல்லையே’ என்று கையை விரித்துவிட்டார்கள். சர்க்கார் எந்த ஊரிலும் சர்க்கார்தான்!

தோட்டங்களை மறுபடி நட்டபோது கார்மெனேரை அநேகமாக யாரும் சீண்டவில்லை. ரொம்பத் தாமதமாகப் பழுக்கும். பூக்கிற நேரத்தில் குளிரும் மழையும் வந்தால் பூ உதிர்ந்துவிடும். கடனில் மூழ்கியிருந்த விவசாயி அதை எதற்கு நடுவான்?

ஆனால், பூச்சி வருவதற்கு முன்பே கார்மெனேர் கடல் கடந்திருந்தது. 1851-ல் சில்வெஸ்த்ரே ஒச்சகாவியா என்கிற சிலி நாட்டுப் பணக்காரர், பிரெஞ்சுக் கொடிகளை வரவழைத்து நட்டார். மற்ற பணக்காரர்களும் தொடர்ந்தார்கள். மூட்டைகளில் எது மெர்லோ, எது கார்மெனேர் என்று யார் பார்த்தார்கள்? இரண்டும் கலந்தே வளர்ந்தன. ஆண்டிஸ் மலை, அட்டகாமா பாலைவனம், பசிபிக் கடல் என்று மூன்று பக்கமும் இயற்கையே வேலி போட்டிருந்ததாலோ என்னவோ, பிலாக்ஸெரா சிலிக்குள் நுழையவே இல்லை. அதனால் ஒட்டுக்கட்டாமல், தன் சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுக் கொடிகளை அங்கே இன்றும் பார்க்கலாம்.

பெயர் மாறியதில் நஷ்டமும் இருந்தது. மெர்லோவுக்குச் சில வாரங்கள் கழித்துத்தான் கார்மெனேர் பழுக்கும். இரண்டையும் ஒன்றாகப் பறித்ததால், பாதி பழம் பச்சை. ஒயினில் குடமிளகாய் வாடை! ‘சிலி மெர்லோ இப்படித்தான்’ என்று சொல்லிச் சொல்லியே விற்றார்கள்.

உண்மை தெரிந்ததும் மகிழ்ந்தார்களா? பலருக்கு வயிற்றைக் கலக்கியது. மெர்லோ என்றால் உலகச் சந்தையில் கிராக்கி. கார்மெனேர் என்றால் யாருக்குத் தெரியும்? சட்டத்திலும் அப்படியொரு திராட்சை கிடையாது. கார்மென் நிறுவனம் (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) முதலில் ‘கிராந்த் விதூர்’ என்ற பழைய போர்தோ பெயரை ஒட்டித்தான் பாட்டிலை வெளியே விட முடிந்தது. 1998-ல்தான் அரசு அங்கீகாரம்.

அதன்பிறகு பத்தே வருஷம். அப்பல்தா என்ற இடத்தில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்ட கிழட்டுக் கொடிகள் இருந்தன. வயதான கொடி குறைவாகக் காய்க்கும். காய்ப்பதில் சாரம் அதிகம். அந்தக் கார்மெனேரோடு கேபர்நே, மெர்லோ எல்லாம் கலந்து, போர்தோ பாணியில் செய்த ‘க்ளோ அப்பல்தா 2005’ ஒயினை, 2008-ல் ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை அந்த வருஷத்தின் நம்பர் ஒன் என்று அறிவித்தது. கலவைக்கு ஆலோசனை சொன்னவர் மிஷேல் ரோலான். போர்தோக்காரர். தன் ஊர்த் திராட்சையில் ஒயின் செய்ய அவர் சிலிக்குப் போகவேண்டியிருந்தது!