குழிப்பந்தாட்ட மட்டை உணரி

குழிப்பந்தாட்ட மட்டை உணரி என்பது கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில் மட்டையின் கைப்பிடி முனையில் பொருத்தப்படும் ஒரு சிறு மின்னணுக் கருவி ஆகும். எந்த மட்டையால், எந்த இடத்திலிருந்து ஓர் அடி அடிக்கப்பட்டது என்பதைத் தானாகப் பதிவு செய்ய இது உதவுகின்றது. திறன்பேசியிலோ கைக்கடிகாரத்திலோ இயங்கும் செயலி ஒன்று இப்பதிவுகளைத் திரட்டி, ஒவ்வொரு மட்டையின் சராசரித் தொலைவையும் ஆட்டக்காரரின் வலுவையும் குறையையும் கணித்துக் காட்டும். ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சுற்றில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதிகள் இடமளிப்பதால், உணரிகளும் பெரும்பாலும் அவ்வெண்ணிக்கைக்கு ஏற்பத் தொகுப்பாகவே விற்கப்படுகின்றன.

பின்னணி

தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஒவ்வோர் அடியையும் அளக்கும் வழக்கம் அமெரிக்காவின் பிஜிஏ டூர் அமைப்பிடம் முதலில் உருவானது. அங்கு ஷாட்லிங்க் என்னும் முறையில் தன்னார்வலர்கள் சீரொளி அளவிகளைக் கொண்டு பந்து நின்ற இடத்தைக் குறித்தனர். இத்தரவுகளை ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, 'ஈட்டிய அடிகள்' என்னும் கணக்கு முறையை வகுத்தார். பிஜிஏ டூர் 2011 ஆம் ஆண்டில் குழிக்கு அருகே பந்தை உருட்டும் பட்டிங் அடிகளுக்கு இதனை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. சிறந்த ஆட்டக்காரர்களை ஏனையோரிடமிருந்து வேறுபடுத்துவதில் பட்டிங்கின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே என்றும், கிரீனை நோக்கி அடிக்கும் நெடிய அடிகளின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு என்றும் பிராடி 2014 இல் வெளியிட்ட நூலில் காட்டினார். பட்டிங்கே பணம் என்று நெடுங்காலம் நம்பி வந்த ஆட்டக்காரர்களுக்கு இது வியப்பளித்தது. இதே கணக்கைத் தமக்கும் போட்டுப் பார்க்கும் ஆவல் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களிடமும் எழுந்தது.

2013 இல் கேம் கோல்ஃப் என்னும் கருவி இணையவழிக் கூட்டுநிதி மூலம் அறிமுகமானது. இதில் ஒவ்வோர் அடிக்கும் முன்னர் மட்டையின் முனையை இடுப்பில் அணிந்த கருவியில் தொட வேண்டும். 2014 இல் வந்த ஆர்க்கோஸ், தொடும் தேவையின்றித் தானாகவே அடியை அறிய முயன்றது. கோப்ரா நிறுவனம் 2017 இல் தன் கிங் எஃப்7 டிரைவர் மட்டையின் கைப்பிடியிலேயே இவ்வுணரியை இணைத்து விற்றது. கார்மின் நிறுவனத்தின் சிடி10 உணரிகள் 2018 இல் வெளிவந்தன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த ஷாட் ஸ்கோப் நிறுவனம், மின்கலமே இல்லாத பட்டைகளை மட்டையிலும் அவற்றைப் படிக்கும் கடிகாரத்தைக் கையிலும் வைக்கும் முறையைக் கையாள்கின்றது.

இயங்கும் முறை

இக்கருவிகள் எவையும் பந்தைக் காண்பதில்லை. இவற்றின் குறைபாடுகள் பலவற்றிற்கும் இதுவே வேர். கருவிக்குத் தெரிவன இரண்டே: மட்டை வீசப்பட்டது என்பதும், அவ்வேளையில் ஆட்டக்காரர் நின்ற இடமும். வீச்சினை முடுக்கமானி போன்ற உணரிகள் அறிகின்றன. சில முறைகளில் பந்தில் மட்டை படும் ஒலியைத் திறன்பேசியின் ஒலிவாங்கி கேட்டு உறுதி செய்கின்றது. இடத்தைப் புவியிடங்காட்டி தருகின்றது. ஓர் அடியின் தொலைவு என்பது அவ்வடி அடித்த இடத்திற்கும் அடுத்த அடி அடித்த இடத்திற்கும் உள்ள நேர்கோட்டுத் தொலைவே ஆகும். ஆகவே ஓர் அடி தவறினால் கெடுவது அதன் பதிவு மட்டுமன்று. எடுத்துக்காட்டாக, 7 ஆம் எண் அயர்ன் மட்டையால் 130 மீட்டர் அடித்தவர், பின்னர் 20 மீட்டர் தொலைவுக்கு மெல்லத் தட்டிய அடியைக் கருவி அறியாவிடில், முதல் அடி 150 மீட்டர் சென்றதாகப் பதிவாகும். ஆட்டக்காரர் தம் வலிமையைக் கண்டு மகிழலாம். ஆனால் அடுத்த முறை அதே மட்டையை நம்பி நீர்நிலையைத் தாண்ட முயன்றால் பந்து நீரில் விழும்.

குறைபாடுகள்

தவறிப்போகும் அடிகளுள் பெரும்பாலானவை மெல்லிய அடிகளே. குழியின் விளிம்பில் நிற்கும் பந்தை ஒரு கையால் தட்டிவிடுவது, கிரீனுக்கு வெளியிலிருந்து சிறிதாகத் தட்டுவது, மணற்குழியிலிருந்து மணலோடு சேர்த்து அடிப்பது ஆகியவற்றில் வீச்சோ ஒலியோ போதுமானதாக இருப்பதில்லை. இதற்கு மாறாக, பந்தின்றி வீசிப் பார்க்கும் பயிற்சி வீச்சுகள் உண்மையான அடிகளாகப் பதிவாவதும் உண்டு. ஒலியைச் சார்ந்த முறைகளில் திறன்பேசியை முன்பக்கச் சட்டைப்பையிலோ காற்சட்டைப் பையிலோ வைத்திருக்க வேண்டும். ஆட்டத்தின்போது கனமான பேசியைப் பையில் சுமப்பதை விரும்பாதோர் பலர். பை இல்லாத உடை அணிவோருக்கு இது இயலாததும் ஆகும். இடுப்பில் செருகும் தனிக் கருவிகள் பின்னர் விற்பனைக்கு வந்தது இக்குறையைத் தீர்க்கவே. அதற்கும் தனி விலை உண்டு.

இரண்டாவது, இடத் துல்லியம். திறந்த வானின் கீழ் திறன்பேசியின் புவியிடங்காட்டி ஏறத்தாழ 4.9 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும் என்பது அமெரிக்க அரசின் கணிப்பு. மரங்களின் கீழ் பிழை கூடும். 200 மீட்டர் செல்லும் அடிக்கு இது பொருட்டன்று. குழியிலிருந்து ஒரு மீட்டரில் நிற்கும் பந்துக்கோ பிழை தொலைவை விடப் பெரிது. பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள் 3 அடித் தொலைவிலிருந்து குழியில் இடச் சராசரியாக 1.04 அடிகளும், 8 அடித் தொலைவிலிருந்து 1.50 அடிகளும் எடுக்கின்றனர். 3 அடியில் நின்ற பந்தை 8 அடியில் நின்றதாகச் செயலி கொண்டால், அதனை ஒரே தட்டில் குழியில் இட்டவருக்குப் பட்டிங்கில் ஏறத்தாழ அரை அடி கூடுதலாக வரவாகும். அதே அளவு அதற்கு முந்தைய அடியின் கணக்கில் பற்றாகும். மொத்தம் மாறுவதில்லை என்பதால் பிழை கண்ணிற்படாது. நன்றாக அடித்த அயர்ன் அடிகளைத் தம் குறை என்றெண்ணி ஆட்டக்காரர் அவற்றையே பயிற்சி செய்யக்கூடும்.

குழியின் இடம் மற்றொரு சிக்கல் ஆகும். திடல் ஊழியர்கள் குழியை அடிக்கடி இடம் மாற்றுவர். செயலியின் நிலப்படத்தில் அது தெரியாது. ஒவ்வொரு கிரீனிலும் குழியின் இடத்தை ஆட்டக்காரரே குறித்தாக வேண்டும். நீரில் விழுந்த பந்துக்குரிய தண்ட அடி, முதற் பந்து தொலைந்திருக்கலாம் எனக் கருதி அடிக்கும் மாற்றுப் பந்து ஆகியவற்றையும் கையால் சேர்க்க வேண்டியுள்ளது. இதனால் 'தானியங்கி' என விற்கப்படும் ஒரு முறையில், ஆட்டம் முடிந்தபின் அமர்ந்து 18 குழிகளையும் நினைவிலிருந்து திருத்தும் வேலை எஞ்சுகின்றது. பலர் கருவியைக் கைவிடுவது இங்கேதான்.

உணரிகளை மட்டைகளுடன் இணைக்கும்போது 7 ஆம் எண்ணுக்குரியதை 8 ஆம் எண் மட்டையில் திருகிவிட்டால், அதன்பின் வரும் எல்லாக் கணக்கும் மாறிவிடும், செயலி எச்சரிக்காது. பையின் அடியில் மோதும் உணரி தளர்ந்து விழுவதும் நிகழும். மின்கலத்தை மாற்ற இயலாத வகைகளில், அது தீர்ந்தால் உணரியையே மாற்ற வேண்டும்.

திறன்பேசி இயக்குதளங்களின் மாற்றங்கள் செயலி உருவாக்குநர்களுக்கும் தொல்லையாயின. 2015 இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, மின்கலத்தைச் சேமிக்கப் பின்னணியில் இயங்கும் செயலிகளை உறங்க வைத்தது. 2019 இல் வந்த ஐஓஎஸ் 13, இடத்தையும் புளூடூத்தையும் அணுகத் தனித்தனியே இசைவு கேட்டது. பயனர் ஒரு முறை 'வேண்டாம்' என அழுத்தினால் பாதி ஆட்டத்தில் பதிவு நின்றுபோகலாம். தனியுரிமை நோக்கில் இவ்விசைவு கேட்பது நியாயமே.

செலவும் தரவின் உரிமையும்

சில நிறுவனங்கள் உணரியின் விலைக்கு மேலாக ஆண்டுச் சந்தாவும் பெறுகின்றன. ஷாட் ஸ்கோப் போன்றவை சந்தா பெறுவதில்லை. சந்தா முறையில் அதனை நிறுத்தினால், காசு கொடுத்து வாங்கிய உணரிகள் பயனற்ற திருகுகளாகிவிடக்கூடும். பல ஆண்டு ஆட்டங்களின் பதிவு நிறுவனத்தின் வழங்கியில் இருப்பதாலும், நிறுவனங்களுக்கிடையே பொதுவான கோப்பு வடிவம் வழக்கில் இல்லாததாலும், ஒரு கருவியிலிருந்து வேறொன்றுக்கு மாறுவோர் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. வாங்குமுன் தரவினைப் பதிவிறக்க இயலுமா எனக் கேட்டறிவது நன்று.

விதிகளில் இடம்

2019 இல் நடைமுறைக்கு வந்த கோல்ஃப் விதிகளின் 4.3 ஆம் விதிப்படி தொலைவளக்கும் கருவிகளைப் பயன்படுத்தலாம். எனினும் நில உயர வேறுபாட்டை அளத்தல், பந்து நிற்கும் இடத்தைக் கொண்டு எந்த மட்டையை எடுப்பது எனக் கருவியிடம் பரிந்துரை பெறுதல் ஆகியவை கூடா. முதல் மீறலுக்கு, அடிகளை எண்ணும் ஆட்டத்தில் இரண்டு தண்ட அடிகளும், மறுமுறை மீறினால் தகுதியிழப்பும் உண்டு. செயலிகள் பெருமையுடன் விளம்பரப்படுத்தும் 'மின்னணு உதவியாளர்' வசதிகள் பலவற்றைப் போட்டியின்போது அணைத்து வைக்க வேண்டும். பதிவு செய்யும் வசதியை மட்டும் இயக்கலாம்.