உறுமியா, உருமியா?

இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஊவாவுக்கு ஏறுகிறவர்கள் ஹல்துமுல்லையைத் தாண்டியதும் பெரகலைச் சந்திக்கு வந்து சேர்வார்கள். அங்கே ஒரு பாதை அப்புத்தளை, பண்டாரவளை என்று மேலே போகிறது. மற்றது கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிறது. எந்தப் பக்கத்தால் போனாலும் பூனாகலைக்கு ஏறலாம். சிங்களத்தில் 'பெர' என்றால் மேளம், 'கல' என்றால் பாறை. பெரகலை மேளப் பாறை. மொனராகலை மயில் பாறை. கொட்டகலையும் பூனாகலையும் அதே 'கல'வில் முடிகிற பெயர்கள். கல்லைக் கலையாக்கியது தோட்டத் தமிழரின் நாக்கு. ஆனால் தலவாக்கலையையும் இந்த வரிசையில் சேர்த்துவிடக் கூடாது. அங்கே இருப்பது 'கெலே', அதாவது காடு. காதுக்கு ஒன்றாய்க் கேட்கிற இரண்டு பெயர்களுக்குள் பாறையும் காடும் தனித்தனியே ஒளிந்திருக்கின்றன.

இதே மாதிரிச் சிக்கல் ஒரு மேளத்தின் பெயரிலும் உண்டு. கோயில் திருவிழா நோட்டீசுகளில் 'உறுமி மேளம்' என்றும் இருக்கும், 'உருமி மேளம்' என்றும் இருக்கும். எது சரி என்று கேட்டால் அச்சகத்தார் சிரிப்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப்பட்டதற்குக் காரணம் எலக்ட்ரிக் கிட்டார். அந்தக் கிட்டாரின் முரட்டுச் சத்தத்தை, ஆங்கிலத்தில் ஓவர்டிரைவ் என்கிறார்களே அதை, தமிழில் என்னவென்று சொல்வது என்று தேடப் போனால் வழி இந்த மேளத்தில் போய்த்தான் முட்டுகிறது.

முதலில் மேளம். உறுமி இடை சிறுத்து இரு வாயும் விரிந்தது. கழுத்திலோ தோளிலோ வார் மாட்டி இடுப்புக்கு முன்னால் தொங்கவிடுவார்கள். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, அது அடிக்க. மறு கையில் முனை வளைந்த குச்சி. அது தோலில் அழுத்தி இழைக்க. இந்த இழைப்பில்தான் விஷயம் இருக்கிறது. குச்சி தோலைப் பற்றும், வழுக்கும், திரும்பப் பற்றும். நொடிக்குப் பல பத்துத் தடவை நடக்கும் இந்தப் பற்றலும் வழுக்கலும் சேர்ந்துதான் அந்த இழுபட்ட 'ஊம்' என்ற ஓசையாகிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே வேலை. இப்படிப் பிறக்கும் ஒலி அலை வழவழவென்று இராது. இரம்பப் பல் மாதிரியான வடிவம் அதற்கு. அதனால் அடிப்படைச் சுருதியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கூடவே வருகின்றன. காது அதைக் 'கரகரப்பு' என்று வாங்கிக்கொள்கிறது.

இனி எழுத்து. உறுமுதல் புலி செய்வது, நாய் செய்வது. பெருக்கு என்ற வினையிலிருந்து பெருக்கி, தாங்கு என்பதிலிருந்து தாங்கி வருவதுபோல, உறுமு என்பதிலிருந்து உறுமி. இப்படிப் பார்த்தால் ஒலிபெருக்கியும் உறுமியும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள்.

மறுபக்கம் 'உரும்', 'உருமு' இருக்கின்றன. சங்கப் பாடல்களில் இவை இடியைக் குறிக்கும். உருமுக்கு நடுங்கும் பாம்பு அங்கே திரும்பத் திரும்ப வரும். தெலுங்கில் இன்றைக்கும் 'உருமு' என்றால் இடிதான். ராயலசீமையில், குறிப்பாக அனந்தபூர்ப் பக்கம், இதே இன மேளத்துக்கும் அதே பெயர். அதை முழக்கி ஆடும் ஆட்டத்துக்கும் அதே பெயர். கன்னடத்தில் 'உருமெ'. தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்களின் சடங்குகளிலும் உறுமிக்கு இடமுண்டு. ஆகவே மேளம் இடியின் பெயரோடு வடக்கே இருந்து வந்தது, சின்ன ர-வே சரி என்று ஒருவர் வாதாடினால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பக்கத்தில் இடி வெறும் இலக்கியப் பொருள் இல்லை. ஊவாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பின்னேரமானால் வானம் முழங்கத் தொடங்கிவிடும். அந்த மழையில்தான் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. மலை எழுப்பும் சத்தத்தை இங்குள்ளவர்கள் கேட்கிற விதம் வேறு.

ஆனாலும் என் ஓட்டு வல்லின ற-வுக்குத்தான். இடி ஒரு வெட்டில் விழுந்து உருண்டு ஓய்ந்துவிடும். தப்பும் பம்பையும் கூட அப்படித்தான்: அடி, அதன் பின் அடங்கல். மற்ற மேளங்களிடமிருந்து இந்த ஒன்றைப் பிரித்துக் காட்டுவது அதன் இழைப்பு. அது தொண்டைக்குள் நின்று நீளும் சத்தம். பேர் வைத்தவர்கள் அதைக் கேட்டுத்தான் வைத்திருப்பார்கள். (கேரளத்துச் சுருள்வாளும், 2011இல் வந்த சந்தோஷ் சிவனின் படமும் 'உறுமி'தான். அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

இப்போது கிட்டார். அதன் அங்கங்களுக்கும் ஓசைகளுக்கும் ஆங்கிலம் வைத்த பெயர்களைக் கேட்டால் ஒரு சங்கதி புலப்படும்: அவற்றில் சில குறை சொல்லும் பெயர்கள்.

கம்பியின் கீழே காந்தம். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி சில ஆயிரம் சுற்று. இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் அசையும், சுருளில் சிறு மின்சாரம் ஓடும். இதுதான் பிக்கப். ஜார்ஜ் போஷாம்ப் 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கருக்காகச் செய்த ஹவாயன் கிட்டார் முதன்முதலில் இப்படி விற்பனைக்கு வந்தவற்றில் ஒன்று. வாணலி வடிவில் இருந்ததால் பொரியல் சட்டி என்றே அதற்குப் பேர் நிலைத்துவிட்டது. கிராமபோனில் ஊசி பொருத்தியிருந்த தலைக்கு ஏற்கெனவே பிக்கப் என்று பெயர். கிட்டார் அதை இரவல் வாங்கிக்கொண்டது.

இந்தச் சுருளுக்கு ஒரு கெட்ட பழக்கம். கம்பியின் அதிர்வோடு அறையிலுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் பிடித்துவிடும். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர், குழல் விளக்கு எல்லாம் அந்த 50ஐயும் அதன் மடங்குகளையும் சுற்றிலும் பரப்பிக்கொண்டே இருக்கும். திருவிழாவுக்கு சவுண்ட் கட்டுகிற பையன்கள் 'ஹம்மிங் வருது, எர்த்தைப் பாரு' என்று கத்துவது இதைத்தான்.

கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கு மருந்து கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் காந்த முனையை மாற்றி, சுற்றையும் எதிர்த்திசையில் இணைத்தார். கம்பியின் அதிர்வு இரண்டிலும் ஒரே பக்கமாய்க் கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலோ எதிரெதிராய் மோதிக் கழிந்துபோகிறது. 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை 1959இல் கிடைத்தது. பெயர் ஹம்பக்கர்: ஹம்மை உதைத்துத் தள்ளுவது. முரட்டுக் குதிரை ஆளை உதறுவதற்குச் சொல்லும் சொல்லைத்தான் இங்கே இரைச்சலுக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தச் சொல்லும் லவரின் சொந்தச் சரக்கில்லை. பழைய வால்வு ரேடியோக்களின் ஸ்பீக்கரில் இரைச்சலைக் கழிக்கத் தனிச் சுருள் ஒன்று வைப்பார்கள். அதற்கு அப்போதே ஹம்பக்கிங் காயில் என்றுதான் பெயர்.

ஓசையை ஒழிக்க வந்த ஹம்பக்கர் புதிய ஓசைக்கு வழி திறந்தது. இரண்டு சுருள்கள் சேர்ந்ததால் மின்சாரம் கூடியது. உச்ச ஓசைகள் கொஞ்சம் மழுங்கி நடுப்பகுதி தடித்தது. ஆம்ப்ளிஃபயரின் வால்வு தாங்கக்கூடிய அளவை அந்த மின்சாரம் விரைவில் எட்டிவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப் மணி மாதிரித் தெளிவாய்ப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஹம்பக்கர் கரகரக்கத் தொடங்கிவிடும்.

வால்வு தன் எல்லையை எட்டினால் நடப்பது தேயிலைக் கவ்வாத்து. அலையின் தலை ஒரு மட்டத்தில் வெட்டுப்படுகிறது. வெட்டிய இடத்திலிருந்து புதுத் தளிர்கள் கிளம்புகின்றன. மேலும் கீழும் சமமாய் வெட்டுப்பட்டால் 3, 5, 7 என்று ஒற்றைப்படை மடங்குகள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் வெட்டுப்பட்டால் 2, 4 என்ற இரட்டைப்படை மடங்குகளும் சேரும். வால்வு விளிம்பில் வளைத்து வெட்டும். டிரான்சிஸ்டர் சட்டென்று நறுக்கும். வால்வின் கரகரப்பு காதுக்கு இதமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் தனிச் சுரங்களாய்ப் பிறக்கும். 110 ஹேர்ட்ஸ் சட்ஜமும் 165 ஹேர்ட்ஸ் பஞ்சமமும் சேர்ந்தால் யாருமே மீட்டாத 55 அடியிலிருந்து எழும். அது அந்தச் சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. ராக் கிட்டார்காரர்கள் பவர் கோட் என்று பெருமையடிப்பது இந்த ச-ப ஜோடியைத்தான். நம் தம்புராவும் ச-ப சேர்த்துத்தான் கட்டப்படுகிறது. கம்பிக்கும் குதிரைக்கும் இடையே நூலைச் செருகி வேண்டுமென்றே இரைய வைக்கிறோம். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயரும் வைத்திருக்கிறோம். லவர் இரைச்சலை உதைத்தார். தம்புரா கட்டியவர்கள் இரைச்சலை உயிர் என்றார்கள்.

ஓவர்டிரைவ் என்ற சொல்லின் கதை இதைவிட வேடிக்கையானது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் ஆதியாகமத்தில் அது மந்தையை அளவுக்கு மீறி ஓட்டி வதைப்பதைக் குறிக்கும் வினை. நாட்பெயருக்கு இத்தனை கிலோ என்று கொழுந்து நிறுக்கும் ஊரில் இந்தப் பொருளை விளக்கத் தேவையில்லை. 1930களில் அதே சொல் காருக்குப் போனது. அங்கே ஓவர்டிரைவ் என்றால் எஞ்சின் மெதுவாய்ச் சுற்ற, சக்கரம் வேகமாய் ஓடும் கியர். சமதரையில் எஞ்சினுக்கு ஓய்வு தருவது. கொஸ்லந்தையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் பஸ்ஸுக்கு அது உதவாது. ஆம்ப்ளிஃபயரிலோ பழைய மந்தைப் பொருள்தான் திரும்பியது: வால்வை வதைத்து ஓட்டுதல். 1977இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் ஓடி-1 என்ற காலால் மிதிக்கும் பெட்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டியதும் அது கடைச் சரக்கானது.

பெயர் வருமுன்னே சத்தம் வந்துவிட்டது, அதுவும் விபத்தாக. 1951இல் மெம்ஃபிஸில் பதிவான 'ராக்கெட் 88' பாட்டில், வழியில் அடிபட்ட ஆம்ப்பின் ஸ்பீக்கருக்குள் காகிதம் திணித்து வாசித்தார்கள். 1961இல் வெளிவந்த ஒரு பாட்டை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது ஒலிப்பதிவு மேசையின் ஒரு சேனல் பழுதாகி விசித்திரமாய் இரைந்தது. அதைப் போலவே இரைய அடுத்த ஆண்டே ஃபஸ் டோன் என்ற பெட்டி வந்தது. 1964இல் லண்டனில் கிட்டார்காரர் டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கர் கோனைக் கீறினார். நம் ஊரில் 'ஸ்பீக்கர் கிழியுது' என்பது வசவு. அவர் உண்மையாகவே கிழித்தார். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது லிங்க் ரே. அவர் 1958இல் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டையிட்டு வாசித்த பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அதன் பெயர் 'ரம்பிள்'. அந்நாளைய கொச்சையில் தெருச் சண்டைக்கும் அதுவே பெயர். தமிழில் உறுமல் என்று வைத்தால் அச்சாய்ப் பொருந்தும்.

சரி, கிட்டாரின் கிழிசல் இனிக்கிறது, கோயில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் கிழிசல் ஏன் காதைக் குடைகிறது? கிட்டார் ஸ்பீக்கர் 12 அங்குலக் காகிதக் கோன். 5000 ஹேர்ட்ஸுக்கு மேல் அதனால் அதிகம் பேச முடியாது. வெட்டுப்பட்ட அலையின் கூர்முனைகளை அதுவே மழுங்கடித்துவிடும். குழாய் ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த ஓசை வராது. காது மிகக் கூர்மையாய்க் கேட்கும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரைதான் அதன் பலம். டிரான்சிஸ்டர் நறுக்கிய கூர்முனையை அது நேரே நம் காதில் குத்துகிறது. உறுமலிலிருந்து அடிவயிற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அலறல்.

தோட்டத்தில் தப்பைக் காய்ச்சும்போதும் உச்ச ஓசையைக் கூட்டிக் குறைக்கும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. பனி ஏறிய தோல் தொளதொளத்து 'பொத்' என்றுதான் பேசும். கவ்வாத்து மிலாறைக் கொளுத்தி, தப்பைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். தோல் இறுகியதும் சத்தம் வெடிக்கும். பிரட்டுக்கு ஆளெழுப்பிய அந்தத் தப்புக்கும் பிழை என்னும் தப்புக்கும் உறவு கிடையாது. மேளத்தின் பெயரை அடித்தல் என்ற பொருளோடும் தெலுங்கு 'டப்பு'வோடும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிழை இசையானது கிட்டாரின் கதை, தப்பின் கதையில்லை.

எனவே என் தீர்ப்பு இது. பிக்கப், ஹம்பக்கர் ஆகியவை பொருள்களின் பெயர்கள்; அவை அப்படியே இருக்கட்டும். ஓவர்டிரைவ் ஒரு ஓசையின் பெயர். 'மிகையியக்கம்' என்றெல்லாம் மொழிபெயர்த்து அதைக் கொல்ல வேண்டாம். உறுமல் என்று சொல்வோம், வல்லின ற போட்டு எழுதுவோம். ஃபஸ்ஸுக்குக் கரகரப்பு போதும். எனக்குக் கிடைக்காத ஒரு சொல்லும் இருக்கிறது: உறுமியை இழைக்கும் வளைந்த குச்சிக்கு மலையகத்தில் வழங்கும் பெயர். உங்கள் தோட்டத்தில் உறுமி வாசிக்கும் பெரியவர் யாரும் இருந்தால், அவரிடம் கேட்டு அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.